பாலம் கோணாமல் நகர: கையாற் செய்த கணினிச் செதுக்கு இயந்திரத்துக்குச் சில வழிகள்

ஒரே நுகத்தில் பூட்டிய இரு எருதுகளில் ஒன்று முந்தி மற்றது பிந்தினால் சால் நேரே விழாது. இதனை உழவர் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே சிக்கல் தச்சுப் பட்டறையிலும் உண்டு. கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தை, அதாவது சீ.என்.சீ. றவுட்டர் எனப்படும் இயந்திரத்தை, தம் கையாலேயே செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். அவ்வியந்திரத்தின் பாலத்துக்கு இரண்டு கால்கள் உள்ளன. இரு கால்களும் ஒரே வேளையில் ஒரே அளவு நகர வேண்டும். ஒன்று பிந்தினால் பாலம் கோணும். பாலம் கோணினால் வெட்டப்படும் பலகையும் கோணும்.

காணியை விட்டு வந்து வேறிடத்தில் வாழும் குடும்பங்களுக்கும், திரும்பிப் போய் முதற் போகத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் தச்சுவேலை கைகொடுக்கக்கூடிய ஒரு தொழில். வீடு கட்டப்படும் இடமெல்லாம் கதவும் யன்னலும் வேண்டும். பெயர்ப்பலகை, பூவேலை செய்த கதவுத் தட்டு, தேனீப் பெட்டி, பாடசாலை மேசை என்று பலவற்றை இவ்வியந்திரத்தின் உதவியோடு செய்யலாம். கடையில் வாங்குவதென்றால் பெருந்தொகை வேண்டும். ஆனால் தடித்த ஒட்டுப்பலகை, இரும்புக் குழாய், திருகுத்தண்டு, சிறிய மோட்டர்கள் ஆகியவற்றைக் கொண்டு பலர் தாமே செய்து பயன்படுத்துகின்றனர். இயக்குவதற்கான கணினி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2009ஆம் ஆண்டில் நோர்வேயில் தொடங்கப்பட்ட ஜீ.ஆர்.பீ.எல். என்னும் நிரல், ஆர்டுவினோ எனப்படும் விலை குறைந்த சிறு மின்பலகையிலேயே ஓடும்.

ஆகவே பணமுள்ளவர்களுக்கு மட்டும் உரிய பொருளாக இது இன்று இல்லை. ஆயினும் கோணலாக வெட்டப்பட்ட கதவுத் தட்டு நிலையில் பொருந்தாது. ஒரு நல்ல முதிரைப் பலகை வீணானால் அந்த வேலையின் இலாபம் முழுவதும் போய்விடும். இரண்டு கதவுகள் கோணினால் வேலை தந்தவர் மறுமுறை வரமாட்டார். எனவே இயந்திரத்துக்குச் செலவிடுமுன் இரு பக்கங்களையும் ஒன்றாக ஓட்டும் வழியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இயந்திரத்தின் அமைப்பு

கீழே ஒரு மேசை. மேசையின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் நீளவாட்டில் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் இரு கால்களால் நின்று முன்னும் பின்னும் நகரும் ஒரு பாலம். பாலத்தின்மேல் இடமும் வலமும் ஓடும் ஒரு வண்டி. அவ்வண்டியில் மேலும் கீழும் அசையக்கூடியதாக றவுட்டர் பூட்டப்பட்டிருக்கும். இந்த மூன்று அசைவுகளையும் கணினி நடத்துகிறது.

வண்டியையும் றவுட்டரையும் ஒவ்வொரு மோட்டர் இழுத்தால் போதும். பாலம் அப்படியல்ல. அது அகலமானது. 1 மீற்றர் அகலமுள்ள பாலத்தை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்துத் தள்ளினால் மறுபக்கம் பின்தங்கும். மேசை லாச்சியை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். லாச்சி சரிந்து இறுகி நின்றுவிடும். அதே லாச்சியை நடுவில் பிடித்து இழுத்தால் இலேசாக வரும். ஆழம் குறைந்த அகல லாச்சி அதிகமாக இறுகும். ஆழமான ஒடுங்கிய லாச்சி குறைவாக இறுகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்டவாளத்தைப் பற்றி ஓடும் பகுதியின் நீளத்தைப் பாருங்கள். இழுக்கும் இடத்துக்கும் எதிர்ப்பு உள்ள இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் அந்த நீளத்தின் இருமடங்கைத் தாண்டினால், சாதாரண உராய்வுள்ள வழுக்கிகள் இறுகி நிற்கத் தொடங்கும். பாலத்தை நடுவில் ஒரே மோட்டரால் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பாலத்தின் அகலம் 600 மில்லிமீற்றர். வெட்டும் அலகு ஓரத்துக்குப் போகும்போது நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி நிற்கும். அப்போது பாலத்தின் கால்கள் தண்டவாளத்தைப் பற்றும் நீளம் 150 மி.மீ. இலும் குறையக்கூடாது. இதுவும் இறுகாமல் இருப்பதற்கு மட்டுமே. அசைவின்றி வெட்டுவதற்கு இதனைவிட நீளமாக, 250 மி.மீ. அல்லது 300 மி.மீ. அளவில் வைப்பது நல்லது. சிறிய இயந்திரத்துக்கு இந்த ஏற்பாடே போதும். அகலம் கூடக்கூட இரு பக்கங்களையும் ஒன்றாக ஓட்டுவதற்கு வேறு வழி தேட வேண்டும்.

மோட்டருக்குக் கண் இல்லை

இவ்வியந்திரங்களில் பூட்டப்படுபவை பெரும்பாலும் படிப்படியாகச் சுழலும் ஸ்ரெப்பர் மோட்டர்கள். சாதாரணமாக ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒரு படிக்கு 1.8 பாகை. கணினி ஒரு துடிப்பு அனுப்பினால் மோட்டர் ஒரு படி நகரும். இத்தனை துடிப்பு அனுப்பினேன், ஆகவே இத்தனை தூரம் போயிருக்கும் என்று கணினி கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் போனதா என்று அது பார்ப்பதில்லை.

அலகு மரத்தின் கணுவில் சிக்கினாலோ, தண்டவாளத்தில் மரத்தூள் அடைத்தாலோ, வேகத்தைக் கூட்டி வைத்தாலோ மோட்டர் சில படிகளைத் தவறவிடும். அப்படித் தவறும்போது அது 4 முழுப் படிகளாக, அல்லது அதன் மடங்குகளாகத் தவறும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் திருகுத்தண்டில் 4 படி என்பது 0.1 மி.மீ. பெரிய பிழையல்ல. ஆனால் 20 பல்லுள்ள கப்பியில் 2 மி.மீ. இடைவெளிப் பல் பெல்ற் ஓடுமானால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். அங்கே 4 படி தவறினால் 0.8 மி.மீ. பிழை. கதவு பூட்டுபவருக்கு இது கண்ணுக்குத் தெரியும் அளவு.

இரு பக்கமும் தனித்தனி மோட்டர் உள்ள இயந்திரத்தில் ஒரு பக்கம் மட்டும் தவறினால் மற்றப் பக்கம் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். பாலம் கோணியது கணினிக்குத் தெரியாது. அது தொடர்ந்து வெட்டும். பிழை பெரிதானால் பாலம் முறுகி, போல்ற் தளர்ந்து, சட்டம் பிளக்கவும் கூடும். எனவே இரு பக்கங்களையும் இணைப்பதற்கான பொறுப்பு இயந்திரத்தைச் செய்பவருடையதே.

முதலாம் வழி: ஒரு மோட்டர், இரு திருகுகள்

இரு பக்கத்திலும் ஒவ்வொரு திருகுத்தண்டைப் பொருத்துங்கள். இரு தண்டுகளின் முனைகளிலும் ஒரே எண்ணிக்கைப் பல் கொண்ட கப்பிகளைப் பூட்டுங்கள். மேசையின் ஓரமாக ஒரு நீண்ட பல் பெல்ற்றை வளையமாகச் சுற்றி அவ்விரு கப்பிகளையும் இணைத்துவிடுங்கள். ஒரே மோட்டர் இரண்டையும் சுழற்றும். மோட்டர் படி தவறினாலும் இரு பக்கமும் சேர்ந்தே தவறும். அப்போது வேலை முழுவதும் சிறிது விலகிப் போகலாம். ஆனால் பாலம் கோணாது.

பெல்ற்றைப் போதிய இறுக்கத்தில் வைக்க ஒரு இறுக்கும் சில்லு அவசியம். பெல்ற் தளர்ந்து ஒரு பல் தாவினால் ஒரு பக்கம் முந்திவிடும். 5 மி.மீ. திருகும் 20 பல் கப்பியும் உள்ள இயந்திரத்தில் ஒரு பல் தாவினால் 0.25 மி.மீ. கோணல் உண்டாகும். இதைத் திருத்துவது எளிது. ஒரு கப்பியின் பிடி திருகை மட்டும் தளர்த்தி, பாலத்தை நேராக்கி, மீண்டும் இறுக்கினால் போதும்.

திருகுகளுக்குப் பதிலாக இரு பக்கமும் பெல்ற்றினால் இழுப்பதென்றால் பாலத்தின் அகலத்துக்கு ஒரு குறுக்குத் தண்டு போட்டு, அதன் இரு முனையிலும் கப்பி பூட்டலாம். இங்கே தண்டின் பருமனைக் கவனிக்க வேண்டும். மெல்லிய தண்டு முறுகும். 1 மீற்றர் நீளமும் 8 மி.மீ. விட்டமும் உள்ள உருக்குத் தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் 10 சதமமீற்றர் நீளக் கையில் ஏறத்தாழ 1 கிலோகிராம் தொங்கவிட்டால் தண்டு 1.8 பாகை முறுகும். மேலே சொன்ன 20 பல் கப்பியில் அது 0.2 மி.மீ. பிழை. தண்டின் விட்டத்தை 12 மி.மீ. ஆக்கினால் முறுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். விட்டத்தைச் சிறிது கூட்டினாலே வலு பலமடங்கு கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம். மோட்டரைத் தண்டின் நடுவில் பூட்டுவதும் நன்று. அப்போது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முறுகும். பாலம் நேராகவே நிற்கும்.

இரண்டாம் வழி: குறுக்கே ஓடும் வயர்

படம் வரைவோரின் பெரிய வரைபலகையில் மேலும் கீழும் நகரும் நீண்ட அடிமட்டம் ஒன்று இருக்கும். எந்த இடத்தில் பிடித்துத் தள்ளினாலும் அது கோணாது. அதற்குள் மோட்டரும் இல்லை, கணினியும் இல்லை. கப்பிகளைச் சுற்றிக் குறுக்கே போகும் வயர்தான் அதை நேராக வைத்திருக்கிறது. அதே உபாயத்தை நமது பாலத்திலும் கையாளலாம். செலவும் குறைவு.

பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு சிறு கப்பிகளைப் பூட்டுங்கள். முதலாவது வயரின் ஒரு நுனியை மேசையின் முன் இடது மூலையில் கட்டுங்கள். அதை இடது தண்டவாளத்தின் ஓரமாகப் பாலத்தின் இடது கப்பிவரை கொண்டுபோய், அங்கே திருப்பி, பாலத்தின் வழியே வலது கப்பிக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கிருந்து பின்பக்கமாகத் திருப்பி, மேசையின் பின் வலது மூலையில் கட்டுங்கள். இரண்டாவது வயரை இதற்கு மறுபுறமாக, முன் வலது மூலையில் தொடங்கிப் பின் இடது மூலையில் முடியுங்கள். இரண்டையும் இறுக்கிவிடுங்கள்.

இது வேலை செய்யும் விதம் இதுதான். இடது கால் பின்பக்கமாக 10 மி.மீ. நகர்ந்தால் முதலாவது வயரின் இடப்பகுதி 10 மி.மீ. நீள வேண்டும். வயரின் மொத்த நீளம் மாறாது. ஆகவே வலப்பகுதி 10 மி.மீ. குறைய வேண்டும். அது குறைவதற்கு வலது காலும் பின்பக்கமாக 10 மி.மீ. போயே ஆக வேண்டும். முன்பக்கமாக வரும்போது இரண்டாவது வயர் இதே வேலையைச் செய்யும். இவ்வாறு ஒரு கால் தனியே நகர இடமில்லாமற் போகிறது.

சைக்கிள் பிறேக் வயரைப் போன்ற, பல இழைகளை முறுக்கிச் செய்த உருக்கு வயர் இதற்கு ஏற்றது. நைலோன் கயிறு நீளும், அது உதவாது. கப்பி மிகச் சிறிதானால் வயர் மடிந்து மடிந்து இழை அறும். எனவே சற்றுப் பெரிய கப்பியாகப் பாருங்கள். ஒவ்வொரு வயரின் ஒரு நுனியிலும் திருகி இறுக்கக்கூடிய போல்ற் ஒன்று இருக்கட்டும். பாலத்தை நேராக்குவதற்கும் அதே போல்ற்றுகள் உதவும். இவ்வாறு வயர் கட்டிய பாலத்தை நடுவில் ஒரு மோட்டரால் இழுக்கலாம்.

மூன்றாம் வழி: இரு மோட்டர்கள்

இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டர் பூட்டுவது இன்று பலரும் செய்யும் முறை. வலு கூடும், நீண்ட பெல்ற்றோ தண்டோ தேட வேண்டியதில்லை. ஆயினும் இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒவ்வொரு மோட்டருக்கும் அதனை ஓட்டும் மின்பலகை தனித்தனியாக இருப்பது நல்லது. ஒரே மின்பலகையில் இரு மோட்டர்களையும் பக்கம்பக்கமாக இணைத்தால் மின்னோட்டம் இரண்டாகப் பிரியும், வலு குறையும். இரு மின்பலகைகளுக்கும் கணினியின் துடிப்பு ஒன்றாகவே போக வேண்டும்.

சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். இரு திருகுகளும் ஒரே வகையாக இருந்து, மோட்டர்கள் மேசையின் ஒரே முனையில் இருந்தால் இரண்டும் ஒரே திசையில் சுழல வேண்டும். பெல்ற்றினால் இழுக்கும் மோட்டர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றால் அவை எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். ஒரு மோட்டரின் ஒரு சுருளுக்குரிய இரண்டு வயர்களை மின்சாரத்தை நிறுத்திய பின் மாற்றிப் பூட்டினால் அது மறுபக்கம் சுழலும். இதனை முதன்முறை சோதிக்கும்போது பாலத்தோடு இணைக்காமல் மோட்டர்களைத் தனியே சுழலவிட்டுப் பாருங்கள். இணைத்த பின் திசை பிழைத்தால் பாலம் முறியும்.

அடுத்து, ஒவ்வொரு நாளும் இரு கால்களும் ஒரே இடத்திலிருந்து புறப்பட வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது எளிய முறை. மேசையின் முன் முனையில் இரு பக்கமும் உறுதியான தடைக்கட்டைகளைப் பூட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போல்ற் இருக்கட்டும். மின்சாரத்தைப் போடுமுன், இரு கால்களும் அந்தப் போல்ற்றுகளில் முட்டும்வரை பாலத்தைக் கையால் நகர்த்துங்கள். திருகுள்ள இயந்திரமானால் திருகுகளைக் கையாற் சுழற்றி நகர்த்துங்கள். பின்னர் மின்சாரத்தைப் போடுங்கள். மோட்டர்கள் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். போடும் கணத்தில் ஒவ்வொன்றும் கூடியது 2 படிவரை அசையலாம். 5 மி.மீ. திருகில் அது 0.05 மி.மீ.; மரவேலைக்கு இது பொருட்டல்ல.

இரண்டாவது முறையில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சிறு சுவிச் வைக்கப்படும். பாலம் தொடக்க இடத்துக்குத் திரும்பும்போது முதலில் தன் சுவிச்சைத் தொட்ட கால் நிற்கும். மற்றக் கால் தன் சுவிச்சைத் தொடும்வரை தொடர்ந்து போகும். இவ்வாறு இயந்திரம் தானே நேராகிக்கொள்ளும். ஜீ.ஆர்.பீ.எல். நிரலின் பிந்திய வடிவங்களிலும், லினக்ஸ் சீ.என்.சீ. என்னும் இலவச நிரலிலும் இதற்கு இடமுண்டு. இதற்கு இரு மோட்டர்களின் துடிப்பையும் தனித்தனியே அனுப்பக்கூடிய மின்பலகை வேண்டும். வாங்குமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்திவாரம் போடுவோர் அறிந்த கணக்கு

பாலம் நேராக இருக்கிறதா என்பதை மூலைமட்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சிறிய மூலைமட்டத்தில் தெரியாத பிழை 1 மீற்றர் தூரத்தில் பெரிதாகும். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் குத்தி அடித்து, நூல் கட்டி, 3, 4, 5 என்ற கணக்கில் மூலை பார்ப்பது நீங்கள் அறிந்ததே. அதே கணக்கு இங்கும் உதவும்.

மேசையில் ஒரு பழைய ஒட்டுப்பலகையை அசையாமல் பூட்டுங்கள். றவுட்டரில் மெல்லிய கூரிய அலகைப் போட்டு, பாலத்தின் வழியே 800 மி.மீ., தண்டவாளத்தின் வழியே 600 மி.மீ. அளவுள்ள செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சிறு துளைகள் போடச் செய்யுங்கள். இப்போது இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். பாலம் நேரானால் இரண்டும் 1000 மி.மீ. ஆக இருக்கும்.

இரண்டும் ஒத்திராவிட்டால் எந்தக் கால் முந்துகிறது என்பதை இப்படி அறியலாம். இயந்திரத்தின் முன்னால் நில்லுங்கள். உங்களுக்குக் கிட்டிய இடது மூலையிலிருந்து தூரத்து வலது மூலைக்குப் போகும் மூலைவிட்டம் நீளமானால், வலது கால் உங்களை விட்டுத் தூரமாக முந்தி நிற்கிறது. மற்ற மூலைவிட்டம் நீளமானால் இடது கால் முந்தி நிற்கிறது. எவ்வளவு திருத்த வேண்டும்? தண்டவாளங்களுக்கு இடையில் 1 மீற்றர் இருந்தால், மேற்சொன்ன செவ்வகத்தில் மூலைவிட்டங்களின் வேறுபாடு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே கால்களின் வேறுபாடும். ஒன்று 1001 மி.மீ., மற்றது 999 மி.மீ. என்றால் வேறுபாடு 2 மி.மீ. முந்திய காலின் தடைப் போல்ற்றை 2 மி.மீ. உங்கள் பக்கமாகத் திருகுங்கள். சுவிச் உள்ளவர்கள் அந்தப் பக்கத்துச் சுவிச்சை நகர்த்துங்கள். மீண்டும் நான்கு துளைகள் போட்டு அளவுங்கள். இரண்டு அல்லது மூன்று முறையில் சரியாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாலமே கோணலாகப் பூட்டப்பட்டிருந்தால் மோட்டரின் பலத்தால் அதை நேராக்க முயலாதீர்கள். மின்சாரம் நின்றதும் அது மீண்டும் கோணும். அதுவரை பெயாரிங்குகள் வீணாகத் தேயும். முதலில் கால்களைப் பாலத்தோடு பிணைக்கும் போல்ற்றுகளைத் தளர்த்துங்கள். தண்டவாளங்களின் இடைவெளியை இரு முனையிலும் நடுவிலும் அளந்து ஒத்திருக்கச் செய்யுங்கள். பாலத்தை இழுப்பிலிருந்து கழற்றி, கையால் முனைக்கு முனை தள்ளிப் பாருங்கள். எங்கும் இறுகாமல் ஓடினால், நேராக்கிய நிலையில் போல்ற்றுகளை இறுக்குங்கள்.

மின்வெட்டு வந்தால்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறக்கவில்லை. அந்த அளவு இல்லாவிட்டாலும், வேலையின் நடுவில் மின்சாரம் நின்றுபோவது எப்போதும் நடக்கக்கூடியது. அந்தக் கணத்தில் மோட்டர்கள் பிடியை விட்டுவிடும். பெல்ற் உள்ள இயந்திரத்தில் பாலத்தில் ஒருவர் கைபட்டாலே போதும், ஒரு கால் நகர்ந்துவிடும். மணிகள் உருளும் பந்துத் திருகும் இலேசாகப் பின்னோக்கிச் சுழலும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைப்பதால்தான் பலகைகள் வீணாகின்றன.

முதலில் றவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அலகை மரத்திலிருந்து கையால் உயர்த்துங்கள். பாலத்தைத் தடைக்கட்டையில் முட்டவைத்து, அல்லது சுவிச்சுகளைத் தொடவைத்து, மீண்டும் நேராக்குங்கள். அதன் பின்னரே வேலையின் தொடக்கப் புள்ளியைத் தேடிப்பிடிக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் பலகையின் கழிவுப் பகுதியில் ஒரு சிறு துளை போட்டு வைத்திருங்கள். அலகின் நுனி அத்துளையில் சரியாக இறங்கினால் விட்ட வேலையைத் தொடரலாம். ஒரே மோட்டர் அல்லது குறுக்கு வயர் உள்ள இயந்திரத்திலும் தொடக்கப் புள்ளியைப் பார்த்தாக வேண்டும். ஆனால் பாலம் கோணியிருக்குமோ என்ற கவலை அங்கே இல்லை.

இடம் மாற்றும்போது

கழற்றி ஏற்றிக்கொண்டு போகக்கூடிய விதமாக இயந்திரத்தைச் செய்துகொள்வது எமது நிலையில் விவேகமானது. பசை போட்டு ஒட்டுவதிலும் போல்ற் போட்டுப் பிணைப்பது நல்லது. ஒவ்வொரு பொருத்திலும் இரு துண்டுகளிலும் ஒரே இலக்கத்தை உளியால் கொத்தி வையுங்கள். திருகுத்தண்டுகளில் இடது, வலது என்று அடையாளமிடுங்கள். கறள் பிடிக்காமல் தண்டவாளத்துக்குக் கிறீஸ் பூசித் துணியால் சுற்றுங்கள்.

புதிய இடத்தில் தரை மட்டமாக இராது. மேசை சற்று முறுகினாலும் தண்டவாளங்கள் விலகும். மேசையின் மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் மேசை முறுகவில்லை. இடைவெளி தெரிந்தாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ மேசையின் காலுக்கு ஆப்பு வைத்துச் சரிப்படுத்துங்கள். நூல்களின் இடம் மாற்றி, கீழிருந்ததை மேலாக்கி மறுமுறையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் நான்கு துளைச் சோதனையைச் செய்யாமல் ஒரு பலகையையும் வெட்டாதீர்கள். முந்திய இடத்தில் சரியாக இருந்தது என்பது புதிய இடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

எதைத் தேர்வது?

அகலம் 600 மி.மீ. அளவில் உள்ள சிறிய இயந்திரமானால் நடுவில் ஒரு மோட்டரும் நீண்ட பிடிப்பும் போதும். அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு, கைமுதல் குறைவாகவும் மின்சாரம் நிலையற்றதாகவும் உள்ள இடத்தில், இரு பக்கங்களையும் இரும்பாலேயே இணைத்துவிடுவது நல்லது. பெல்ற், குறுக்குத் தண்டு, வயர் ஆகிய மூன்றில் எது உங்கள் ஊரில் கிடைக்குமோ அதனைப் பயன்படுத்தலாம். பழுதானால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பட்டறையில் உள்ளவரே திருத்தலாம். பாரமான மரத்தை வேகமாக வெட்ட வேண்டிய பெரிய பட்டறைக்கு இரு மோட்டர்கள் பொருந்தும். ஆனால் தடைக்கட்டையோ சுவிச்சோ இல்லாமல் இரு மோட்டர்களைப் பூட்டுவது வீண் செலவு.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. காலையில் தண்டவாளங்களைத் துடைத்து, பாலத்தைத் தொடக்க இடத்தில் முட்டவைத்தே வேலையைத் தொடங்குக.

2. வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு முட்டலின் பின்னும், ஒவ்வொரு இட மாற்றத்தின் பின்னும் நான்கு துளை போட்டு மூலைவிட்டம் பார்க்குக.

3. பெல்ற், வயர், கப்பியின் பிடி திருகு ஆகியவற்றின் இறுக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்குக.

4. மோட்டர் முனகும் சத்தமோ தட்டும் சத்தமோ கேட்டால் உடனே நிறுத்துக. அது படி தவறும் சத்தமாக இருக்கலாம்.

5. றவுட்டரையும் மோட்டர்களையும் ஒருங்கே நிறுத்தும் பெரிய சுவிச் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் பூட்டுக. பாலத்துக்குள் கைவைக்குமுன் பிளக்கைக் கழற்றுக. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாமல் அருகில் நிற்க வேண்டாம். பிள்ளைகளைத் தூரத்தில் வைத்திருங்கள்.

6. நல்ல மரத்தை வைக்குமுன், அதே வேலையை ஒருமுறை கழிவுப் பலகையில் வெட்டிப் பார்க்குக. ஒரு கழிவுப் பலகையின் விலை, ஒரு முதிரைக் கதவின் விலையோடு ஒப்பிடும்போது ஒன்றுமில்லை.